வாடைக்காற்று தொடங்குமுன் பிள்ளைகளோடு போட வேண்டிய கணக்குகள்

60 லிட்டர் தண்ணீரை 14 லிட்டர் கொள்ளும் குடங்களில் பிடித்து வைக்க எத்தனை குடம் வேண்டும் என்று ஆறாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். வகுத்துப் பார்த்து 4.28 என்று கண்டு, அதை முழு எண்ணாக்கி, நான்கு குடம் என்று விடை வரும். பள்ளிக்கூடத்தில் அந்த விடைக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் நான்கு குடங்களில் 56 லிட்டர்தான் நிற்கும். விட்டுப்போன 4 லிட்டர் என்பது, புயல் நாளில் அந்த வீட்டிலிருக்கும் ஒருவர் ஒரு நாள் முழுவதும் குடிப்பதற்கும் அவருக்குச் சமைப்பதற்குமான தண்ணீர். அந்த ஒருவர் யார் என்று கேட்டால், கணக்குப் போட்ட பிள்ளையே ஐந்தாவது குடத்தை எடுத்து வரும்.

இராமநாதபுரம் கடற்கரையில், தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடிப் பக்கம் வரை, ஐப்பசி பிறந்தால் மழையோடு புயல் எச்சரிக்கையும் வரும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரியும்; ஆனால் பெரியவர்களின் பதற்றத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்களே தவிர, அந்த நேரத்தில் தாங்கள் செய்யக்கூடியது என்ன என்று பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் நடந்ததைச் சொல்லித்தான் பல வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்குகிறது. ரயில் கடலில் போன கதையை இரவில் கேட்ட எட்டு வயதுப் பிள்ளைக்குத் தூக்கம் கெடும், ஆயத்தம் வராது. அந்த வரலாற்றைப் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும், ஆனால் குடத்தை அளந்த பிறகு அறியட்டும் என்பது என் எண்ணம்.

கீழே சொல்லும் கணக்குகள் எல்லாம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் அளவிலேயே முடிந்துவிடும். பள்ளிக் கணக்கோடு இவற்றுக்கு உள்ள வேறுபாடு ஒன்றே: ஒவ்வொரு விடைக்குப் பின்னும், ‘இந்த எண் கூடினால் ஆபத்தா, குறைந்தால் ஆபத்தா?’ என்று பிள்ளையைக் கேட்க வேண்டும். ஆபத்தில்லாத பக்கம் எதுவோ அந்தப் பக்கமாக விடையைத் தள்ளிவைக்கப் பழக்க வேண்டும்.

தண்ணீரும் அவலும்

புத்தகத்தில் இருக்கும் குடத்தை விட்டுவிட்டு வீட்டுக் குடத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி, தங்கள் குடம் எத்தனை பாட்டில் கொள்கிறது என்று பிள்ளைகளே எண்ணட்டும். கடையில் 15 லிட்டர் என்று சொல்லி வாங்கிய குடத்தில், தளும்பாமல் தூக்கக்கூடிய அளவுக்கு நிரப்பினால் 13 அல்லது 14 லிட்டர்தான் நிற்பதை அவர்கள் கண்டுபிடிப்பார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் எளிய சமையலுக்குமாக 4 லிட்டர், ஐந்து பேர், மூன்று நாள்: 4 × 5 × 3 = 60. இதில் குளியலும் துவையலும் சேரவில்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். அவற்றுக்கு உவர்ப்புக் கிணற்று நீரும் கூரையிலிருந்து பிடிக்கும் மழைநீரும் போதும். தள்ளுவண்டியில் குடம் வைத்துத் தண்ணீர் எடுத்து வரும் ஊர்களில், வண்டிக்கு எத்தனை குடம், அப்படியானால் எத்தனை நடை என்ற அடுத்த கணக்கு தானாகவே வந்து சேரும்.

வகுத்ததில் மீதி எவ்வளவு சிறிதாக வந்தாலும் அதற்கென்று இன்னொரு குடம் வைக்க வேண்டும். ‘மீதியை விடக் கூடாது’ என்று நாம் விதியாகச் சொன்னால் மனப்பாடம் ஆகும். மீதிக்கு ஒரு முகத்தைக் கொடுத்தால் புரியும். நான் தொடக்கத்தில் சொன்ன கேள்வி அதற்காகத்தான்.

உணவுக் கணக்கு இதைவிட எளிது. அடுப்பு எரியாவிட்டாலும் உண்ணக்கூடிய அவல், பொரிகடலை, கருப்பட்டி, ரொட்டி, பிஸ்கட் போன்றவற்றை எடுத்துக்கொண்டு, ஒருவர் ஒரு வேளைக்கு எவ்வளவு அவல் சாப்பிடுகிறார் என்று உண்மையாகவே ஒரு மாலையில் ஊறவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். ஆளுக்கு 100 கிராம், நாளுக்கு இரண்டு வேளை, மூன்று நாள், ஐந்து பேர் என்றால் 3 கிலோ. பொட்டலத்தில் அச்சிட்ட காலாவதி நாளுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கழித்துப் பார்ப்பதும், முதலில் காலாவதியாகும் பொட்டலத்தை முன்வரிசையில் வைப்பதும் இளைய பிள்ளையின் பொறுப்பாக இருக்கட்டும்.

அப்பத்தாவின் நடை

வீட்டிலிருந்து புயல் பாதுகாப்பு மையத்துக்கோ, தங்கவைக்கப்படும் பள்ளிக்கூடத்துக்கோ எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பது எல்லாரும் தெரிந்ததாக நினைத்துத் தவறாகச் சொல்லும் விடை. இந்தக் கணக்கில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன்.

முதலில் தூரம். வீட்டு முன்னால் 10 மீட்டரை நாடாவால் அளந்து கோடு போடுங்கள். நாடா இல்லையென்றால் ஒரு கயிறு போதும். கடலில் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்லும் ஊர்களில், இரு கையையும் விரித்துக் கயிற்றை அளக்கும் பழக்கம் பிள்ளைக்குப் புதிதாக இராது; ஆனால் தாத்தாவின் பாகமும் பேரனின் பாகமும் ஒன்றல்ல என்பதை அங்கேயே அளந்து காட்டிவிடலாம். அந்த 10 மீட்டரை வழக்கமான நடையில் எத்தனை அடி வைத்துக் கடக்கிறோம் என்று மூன்று முறை எண்ண வேண்டும். 18 அடி என்று வைத்துக்கொள்வோம். பிறகு பாதுகாப்பு மையம் வரை நடந்து எண்ணினால் 1,620 அடி வருகிறது; 1,620 ÷ 18 = 90 என்பதால் தூரம் 900 மீட்டர். எண்ணிக்கை தவறாமலிருக்க, நூறு அடிக்கு ஒரு சோழியோ கூழாங்கல்லோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டே போவது நல்ல உபாயம்.

இனி நேரம். 100 மீட்டரை அண்ணன் ஒரு நிமிடத்தில் நடக்கிறான், அப்பத்தாவுக்கு மூன்று நிமிடம் ஆகிறது. இருவருக்கும் சராசரி இரண்டு நிமிடம் என்றும், ஆகவே 900 மீட்டருக்கு 18 நிமிடம் என்றும் சராசரி கற்ற பிள்ளை உடனே சொல்லும். சராசரி எடுக்கத் தெரிந்ததற்குப் பாராட்டிவிட்டு, அந்தப் 18-ஆவது நிமிடத்தில் அப்பத்தா எங்கே இருப்பார் என்று கேளுங்கள். அவர் 600 மீட்டரில், மூன்றில் இரண்டு பங்கு வழியில், மழையில் நின்றுகொண்டிருப்பார். சேர்ந்து போகிற குடும்பத்தின் வேகம் அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே; எனவே 27 நிமிடம். இதுவும் உலர்ந்த தரையில், பகலில், கையில் சுமையில்லாமல் நடந்த கணக்கு. மணல் பாதையில், இருட்டில், காற்றுக்கு எதிராக நடந்தால் இரட்டிப்பாகும் என்று கொண்டால் 54 நிமிடம். ஒரு மணி நேரம் என்று சுவரில் எழுதிவையுங்கள். சக்கர நாற்காலியோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில் இந்த எண் இன்னும் கூடும். அதை ஊகிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் எல்லாரும் சேர்ந்து நடந்தே பார்த்துவிடுவது நல்லது.

இராமேசுவரம் தீவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். சொந்த ஊரைவிட்டு மண்டபம் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போவதாக முடிவெடுத்தால், சாலை வழி 1988-இல் திறக்கப்பட்ட ஒரே பாலம்தான். பலத்த காற்றில் அதன்மேல் போவதாக எந்தக் கணக்கிலும் வைக்கக் கூடாது. ஆகவே அந்தப் பயணத்தின் நேரம் காற்று தொடங்குவதற்கு முந்தைய நாளில் முடிய வேண்டும்.

வானிலை அறிக்கையில் இரண்டு வேகங்கள்

புயல் செய்தியைக் கேட்கும் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி காணும் குழப்பம் ஒன்று உண்டு. ‘பாம்பனுக்கு 300 கி.மீ. தொலைவில் உள்ள புயல் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நகர்ந்து வருகிறது. கரையோரத்தில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் காற்று வீசும்’ என்று ஒரு செய்தி வருவதாக வைத்துக்கொள்வோம். 15 கி.மீ. என்றால் மிதிவண்டி வேகம்தானே, இதற்கா பயம் என்று ஒருவன் சிரிப்பான். 300-ஐ 80-ஆல் வகுத்து, நான்கு மணி நேரத்தில் வந்துவிடும் என்று இன்னொருத்தி அழுவாள். ஒரு பம்பரத்தைச் சுழற்றிவிட்டுக் காட்டுங்கள். பம்பரம் சுழலும் வேகம் வேறு, அது தரையில் இடம் பெயரும் வேகம் வேறு. நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு நகரும் வேகத்தைப் பயன்படுத்த வேண்டும். வீட்டுக் கூரை தாங்குமா என்பதற்குச் சுழலும் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

300 ÷ 15 = 20 மணி நேரம். இங்கே எந்தப் பக்கம் தவறினால் ஆபத்து? நேரம் அதிகமாக இருப்பதாக நினைத்துவிடுவதே ஆபத்து. புயலின் மையம் வருவதற்கு வெகு முன்பே பலத்த காற்று வந்துவிடும் என்பதால் 100 கிலோமீட்டரைக் கழித்துவிடுங்கள், மீதி 200. நகரும் வேகம் 20 ஆகக் கூடினாலும் கூடலாம். அப்படியானால் 10 மணி நேரம். அதற்குள் இருட்டிவிடுமா என்று கடிகாரத்தில் பின்னோக்கி எண்ணுவதுதான் அடுத்த படி. நடக்க ஒரு மணி, பை கட்ட அரை மணி, ஆடு மாடுகளை அவிழ்த்துவிடவும் படகை இழுத்துக் கட்டவும் இரண்டு மணி என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், ‘கிளம்ப வேண்டிய நேரம்’ என்ற ஒரு விடை நிற்கும்.

இந்தக் கணக்கு தவறிப்போகவும் செய்யும் என்பதை மறைக்காதீர்கள். 2020 டிசம்பரில் திருகோணமலைப் பக்கம் கரையேறி நம் பக்கம் வந்த ‘புரெவி’, வலுவிழந்த பின், மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரம் கரைக்கு அருகிலேயே நகராமல் நின்று மழையாகக் கொட்டியது. வேகம் பூச்சியமானால் தூரத்தை வேகத்தால் வகுக்க முடியாது என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுத்தலின் எல்லையைக் காட்டவும் அது உதவும். மூன்று நாள் தண்ணீர் எதற்கு என்ற கேள்விக்கும் அதுவே பதில்.

காற்றின் சுழல் வேகத்துக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை வைத்திருக்கும் வரம்புகளை ஒரு தாளில் எழுதித் தொங்கவிடலாம்: மணிக்கு 62 கி.மீ. தொட்டால் புயல், 89 தொட்டால் தீவிரப் புயல், 118 தொட்டால் மிகத் தீவிரப் புயல். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களிடம், காற்று தரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று சொல்லி, 60-இலிருந்து 120 ஆனால் அழுத்தம் எத்தனை மடங்கு என்று கேளுங்கள். விடை நான்கு. பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகையை அவர்கள் அதன் பிறகு வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

கூண்டின் எண்

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை எண் கொண்டது. 10 என்பது 5-ஐப் போல இரண்டு மடங்கு ஆபத்து என்றும், 11 என்றால் எல்லாவற்றையும்விடப் பெரிய புயல் என்றும் பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவை அளவெண்கள் அல்ல. பேருந்தின் வழித்தட எண்ணைப் போன்ற அடையாளங்கள். 5, 6, 7 மூன்றும் ஒரே நிலை ஆபத்தையே குறிக்கும். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது துறைமுகத்தை ஒட்டியே கடக்குமா என்பதில்தான் வேறுபாடு. 8, 9, 10 மூன்றும் அதேபோலப் பெரும் ஆபத்தின் மூன்று வகைகள். 11 என்பது வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு. எந்த எண்களைக் கூட்டலாம், எவற்றைக் கூட்டக் கூடாது என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் கரையில் கிடையாது. கைப்பேசி எண், வகுப்பு வரிசை எண் என்று பிள்ளைகளே அடுக்கத் தொடங்குவார்கள்.

மழையை அளத்தல்

பக்கங்கள் நேராக உள்ள பாட்டில் ஒன்றின் தலையை வெட்டி, அளவுகோலை ஒட்டி, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்தால் மழைமானி ஆயிற்று. பாட்டிலின் அடி குழிந்திருந்தால் அந்தக் குழியைச் சிறு கற்களாலும் நீராலும் நிரப்பி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் கொள்ள வேண்டும். காலை 8.30-க்கு அளந்து எழுதுங்கள். வானிலை மையத்தின் நாள் கணக்கும் அந்த நேரத்தில்தான் முடிகிறது.

1 மி.மீ. மழை என்பது 1 சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் தண்ணீர். இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. 100 செ.மீ. நீளம், 100 செ.மீ. அகலம், 0.1 செ.மீ. உயரம் என்று பெருக்கி 1,000 கன செ.மீ. காட்டியபின் நம்புவார்கள். 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, 20 செ.மீ.யைச் சற்றுத் தாண்டினாலே அதி கனமழை என்பது வரையறை. 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு முற்றத்தில் 400 மி.மீ. விழுந்தால் 60 × 400 = 24,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி இரண்டு. இனி சுவரில் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போட்டு, பிள்ளையை அருகில் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டு நீரும் தெருவின் நீரும் தாழ்ந்த முற்றத்துக்கே வரும் என்பதால் உண்மையான மட்டம் கோட்டுக்கு மேலே போகலாம். ரேஷன் அட்டை, ஆதார், பள்ளிச் சான்றிதழ், மாத்திரைகள் ஆகியவற்றை எந்தத் தட்டில் வைப்பது என்று அந்தக் கோட்டைப் பார்த்துப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

இடி, பை, கைப்பேசி

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிய விநாடிகளை மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். எண்ணிக்கை 30-ஐத் தொடுவதற்குள் இடி கேட்டால் வீட்டுக்குள் போக வேண்டும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வெளியே வரக் கூடாது. பதற்றத்தில் வேகமாக எண்ணினால் விநாடிகள் கூடிவிடும், மின்னல் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். எனவே ‘ஓராயிரம், ஈராயிரம்’ என்று நிதானமாக எண்ணப் பழக்கி, வந்த விடையைக் குறைத்தே கொள்ளச் சொல்லுங்கள்.

பிள்ளை சுமக்கும் பை அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 28 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 2.8 கிலோ; இங்கே குறைவதே நல்லது, ஆகவே இரண்டரை. கைப்பேசியில் மீதமிருக்கும் மின்னேற்றத்தையும் குறைத்தே மதிப்பிட வேண்டும். 10,000 என்று அச்சிட்ட பவர் பேங்க், 5,000 கொள்ளளவுள்ள கைப்பேசியை இரண்டு முறை நிரப்பும் என்று வகுத்தல் சொல்லும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் உண்மையில் வந்து சேரும். கைப்பேசி அணைந்த பிறகும் நினைவில் இருக்க வேண்டியவை 112, 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலத்தின் 1070. அப்பா அம்மாவின் பத்து இலக்க எண்ணை மூன்று, மூன்று, நான்கு என்று பிரித்துப் பாட்டாகச் சொல்லவைத்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பதியும்.

கடலுக்குப் போனவர்

மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ஜி.பி.எஸ். கருவி காட்டும் கடல் மைல் 1.852 கி.மீ.; மணிக்கு ஒரு கடல் மைல் ஓடினால் ஒரு நாட். கரையிலிருந்து 12 கடல் மைலில் இருக்கும் நாட்டுப்படகு 6 நாட் வேகத்தில் வந்தால் 2 மணி நேரம், எதிர்காற்றில் வேகம் பாதியானால் 4 மணி நேரம். அப்பா வர வேண்டிய நேரத்தை இவ்வாறு இரண்டு எண்களாக எழுதிவைத்தால், முதல் நேரம் கடந்ததும் அழ வேண்டியதில்லை என்பதும், இரண்டாம் நேரம் கடந்ததும் காத்திருக்காமல் கடலோரக் காவல் படையின் 1554-க்கோ கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கோ சொல்ல வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். எச்சரிக்கை வந்த நாளில் படகே இறங்கக் கூடாது என்பது வேறு. அதற்குக் கணக்கு எதுவும் தேவையில்லை.

எந்தப் பக்கமும் தள்ளக் கூடாத கணக்கு

கூட்டிவைப்பது அல்லது குறைத்துவைப்பது என்று இவ்வளவு நேரம் சொன்ன பழக்கத்தை ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். முகாமில் வயிற்றுப்போக்கு வந்தால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காத நிலையில் வீட்டில் கலக்கும் நீருக்கு, கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. கரண்டியை ஒவ்வொரு முறையும் கத்தியின் முதுகால் மட்டமாக வழித்துவிட வேண்டும். உப்பு கூடினால் சிறு குழந்தைக்குத் தீங்கு, குறைந்தால் பயன் குறையும். அரை லிட்டருக்கு எவ்வளவு, இரண்டு லிட்டருக்கு எவ்வளவு என்று விகிதத்தை மாற்றிப் போடச் சொல்லிப் பாருங்கள். தண்ணீரைப் பாதியாக்கிவிட்டு உப்பைப் பாதியாக்க மறக்கும் தவறு பத்தில் ஏழு பிள்ளைகளாவது செய்யும் தவறு என்று சொல்லத் தோன்றுகிறது. எண்ணிப் பார்த்ததில்லை, ஆனால் நானே ஒருமுறை வீட்டில் அதைச் செய்திருக்கிறேன், கலக்கியதைச் சுவைத்துப் பார்த்த மகள்தான் முகத்தைச் சுளித்துக் கண்டுபிடித்தாள். மருந்தின் அளவும் இந்த வகைதான். அதைப் பிள்ளைகள் கணக்கிடக் கூடாது. சீட்டில் எழுதியிருப்பதை உரக்கப் படித்துக் காட்டும் வேலை மட்டும் அவர்களுக்குப் போதும்.

விடைகளை எல்லாம் ஒரே தாளில் எழுதி, நெகிழி உறைக்குள் போட்டு, கதவின் உள்பக்கம் 40 செ.மீ. கோட்டுக்கு மேலே ஒட்டுங்கள். தாளின் தலையில் தேதி இருக்கட்டும். அடுத்த புரட்டாசியில் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கும்: பேரன் 10 மீட்டரை 18 அடிக்குப் பதிலாக 16 அடியில் கடந்திருப்பான், அப்பத்தாவின் 100 மீட்டர் மூன்று நிமிடத்திலிருந்து நான்காகியிருக்கும், பால்குடித்துக்கொண்டிருந்த கடைக்குட்டிக்கும் ஒரு நாளைக்கு 4 லிட்டர் சேர்க்க வேண்டும்.